சாதி கேட்கும் கட்டம்: வரி விளம்பரத்திலிருந்து இணைய விளம்பரம் வரை ஒரு வாசிப்பு

1

தமிழில் அதிகம் பேர் வாசிக்கிற உரைநடை எது? இப்படிக் கேட்டால் நம்ம விமர்சகர்கள் ஏதாவது ஒரு தொடர்கதையைச் சொல்வார்கள், ஒரு நாவலைச் சொல்வார்கள். வரி விளம்பரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். அதை எழுத்து என்றே அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'மணமகள் தேவை', 'வாடகைக்கு', 'ஆட்கள் தேவை', 'விற்பனைக்கு' என்கிற தலைப்புகளை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்த கூட்டம் எந்த நாவலாசிரியருக்கும் வாய்க்காத கூட்டம். டீக்கடையில் அந்தத் தாளை மட்டும் தனியாக உருவிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். வேலை இல்லாதவர்கள், வீடு கிடைக்காதவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி அலுத்தவர்கள்.

இன்றைக்கு அந்தத் தாள் கைபேசிக்குள் போய்விட்டது. பழைய பைக், வாடகை வீடு, வேலை, மாப்பிள்ளை எல்லாம் இணைய விளம்பரத் தளங்களில் கிடைக்கின்றன. இதை வைத்து ஒரு புதிய சொல்லாடல் கிளம்பியிருக்கிறது. "சந்தைக்குச் சாதி தெரியாது, கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது, இனி எல்லாரும் சமம்" என்கிறார்கள். நம்ம பிள்ளைகளிலேயே படித்து வேலைக்குப் போனவர்கள் சிலர் இதை நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பொய் என்று விளம்பரப் பிரதிகளை வைத்தே பார்த்துவிடலாம்.

2

'வரி விளம்பரம்' என்ற பெயரிலேயே அதன் பொருளாதாரம் இருக்கிறது. வரிக்கு இவ்வளவு என்று காசு. காசு கொடுத்து எழுதுகிறவன் ஒரு சொல்லைக்கூட வீணாக்க மாட்டான். வினைச்சொல் போய்விடும், எழுவாய் போய்விடும், உரிச்சொல் எல்லாம் உதிர்ந்துவிடும். எதை விட்டால் விளம்பரமே வீண் என்று அவன் நினைக்கிறானோ அது மட்டும் நிற்கும். மண விளம்பரத்தில் அப்படி நின்ற முதல் சொல் சாதி. அப்புறம் உட்பிரிவு, நட்சத்திரம், நிறம், படிப்பு, சம்பளம். குணம், அன்பு, மனசு இதெல்லாம் இடம் இருந்தால் கடைசியில் வரும். இந்தச் சமூகம் தன் மனசைத் தானே சுருக்கி எழுதிக்கொடுத்த வாக்குமூலம் இது. ஆய்வாளன் கேட்டால் "நாங்கல்லாம் சாதி பாக்கறதில்லீங்க" என்று சொல்கிற ஆள், காசு கொடுத்து எழுதும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

இதில் முற்போக்கான பிரதி ஒன்று உண்டு. 'சாதி தடையில்லை' என்று எழுதியிருக்கும். படிக்கிறவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். பக்கத்திலேயே ஒரு அடைப்புக்குறி. உள்ளே 'எஸ்.சி., எஸ்.டி. தவிர' என்று இருக்கும். அந்த அடைப்புக்குறியைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். எந்தச் சாதியும் தடையில்லை என்று சொன்ன பிறகு 'தவிர' என்று விலக்குவதென்றால், விலக்கப்பட்டவர்கள் சாதிக் கணக்குக்குள்ளேயே வரவில்லை என்று அர்த்தம். அவர்ணர், பஞ்சமர் என்று பழைய நூல்கள் ஊருக்கு வெளியே நிறுத்திய அதே இடம். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த வாய்க்கால், பேப்பரில் அடைப்புக்குறியாக வளைந்து நிற்கிறது. அந்த அடைப்புக்குறிக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கொல்கத்தாவில் ஒரு வங்காள நாளிதழில் வந்த மண விளம்பரங்களை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைத்ரீஷ் கட்டக், ழான் லாஃபோர்டூன் ஆகிய நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. விளம்பரம் கொடுத்த குடும்பங்களையே நேரில் தேடிப்போய்க் கேட்டார்கள். சாதி மாறிக் கட்டுவதைத் தவிர்ப்பதற்காகப் பெண்வீட்டார் எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள் தெரியுமா? படிப்பே இல்லாதவனுக்கும் முதுகலை படித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதாவது, சாதிக்காக அறிவையே தள்ளுபடி விலையில் விற்கச் சம்மதம். இந்திய அளவில் 2011-12-இல் எடுக்கப்பட்ட மனிதவள மேம்பாட்டு ஆய்வில், சாதி கடந்த திருமணம் சுமார் 5 சதவீதம்தான் என்று தெரியவந்தது.

2015-இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடி விளம்பரம் கொடுத்தார். மகன் ஓரினச் சேர்க்கையாளர், அந்த உரிமைக்காகப் பொதுவெளியில் போராடுகிறவர். சில பத்திரிகைகள் அந்த விளம்பரத்தைப் போட மறுத்தன. ஒன்று துணிந்து போட்டது. இந்தியாவின் முதல் விளம்பரம் என்று கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் அதிலும் சாதி தடையில்லை என்று சொல்லிவிட்டு, அய்யராக இருந்தால் நல்லது என்று ஒரு ஒட்டு இருந்தது. பாலினத்தின் வேலியைத் தாண்டியவர்களுக்கும் சாதி வேலி கால்பட்டது. அந்த வடிவத்துக்குள் போகிற எவரையும் சாதி தன்பக்கம் இழுத்துவிடுகிறது.

3

இணையத்துக்கு வருவோம். 1995-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியது கிரெய்க்ஸ்லிஸ்ட். பெரும்பாலான விளம்பரங்களுக்குக் காசு கிடையாது. வரிக்கணக்கு என்ற அடிப்படையே அதில் ஆட்டம் கண்டது. 2000-இல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு இந்தச் சிறு விளம்பரங்களால் வந்த வருமானம் 1,900 கோடி டாலருக்கு மேல். பத்தே ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. நூற்றாண்டு கண்ட பத்திரிகைகள் நிருபர்களை வீட்டுக்கு அனுப்பின. இலவச விளம்பரத்துக்கு அமெரிக்க உள்ளூர்ப் பத்திரிகைகள் கொடுத்த விலை இது.

இந்தியாவில் மண விளம்பரமும் வேலை விளம்பரமும் முதலில் இணையத்துக்குப் போயின. ஷாதி 1996-லும் நௌக்ரி 1997-லும் தொடங்கின. முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மாட்ரிமோனி வளர்ந்து, 2017-இல் பங்குச் சந்தைக்கே போனது. 2006-இல் வெளிநாட்டில் பிறந்த ஓ.எல்.எக்ஸ்., 2008-இல் வந்த க்விக்கர் இரண்டும் பழைய பொருள் சந்தையைப் பிடித்தன. 2015-இல் நூறு கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்ட க்விக்கர், பிறகு அந்த உயரத்திலிருந்து சரிந்தது. ஓ.எல்.எக்ஸின் இந்தியத் தொழிலை 2023-இல் கார்ட்ரேட் நிறுவனம் சுமார் 537 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலாளிகளின் இந்த ஏற்ற இறக்கம் நமக்கு முக்கியமில்லை. அவர்கள் கட்டிய தெருக்களில் யாருக்கு நடக்க வழி இருக்கிறது என்பதுதான் நம்ம கேள்வி.

4

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். பழைய பொருள்.

பழைய பொருளுக்கும் நமக்கும் நீண்ட வரலாறு உண்டு. சண்டாளர் செத்தவர்களின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும் என்று மனுநூலின் பத்தாம் அத்தியாயம் விதி எழுதியது. அது ஏட்டோடு நிற்கவில்லை. பொங்கலுக்குப் பண்ணை வீட்டு வாசலில் நின்று பழைய வேட்டி வாங்கிய கைகள் நம்ம தாத்தாக்களுடையவை. வீட்டுக்காரம்மா கட்டிக் கழித்த சேலையைக் கொடுக்கும்போது நம்ம அம்மாக்கள் குனிந்துதான் வாங்க வேண்டியிருந்தது. பழைய துணிக்கு விலை இல்லை என்று சொல்வார்கள். விலை இருந்தது. கூப்பிட்டபோது போக வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது, அடுத்த வருசமும் அதே வாசலில் நிற்க வேண்டும். அதுதான் விலை. கொடுக்கிறவன் தருமவான் ஆனான், வாங்கியவன் அடிமையானான்.

இணையச் சந்தையில் அதே பழைய பொருள் விலையோடு நிற்கிறது. பழைய கட்டில் ரெண்டாயிரம், பழைய தையல் மிஷின் மூவாயிரம். வாங்கப் போகிறவன் "ஆயிரத்து ஐநூறுக்குக் குடுங்க" என்று பேரம் பேசலாம். பிடிக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடலாம். காசை நீட்டினால் கணக்கு அதோடு முடிந்தது, நன்றிக்கடன் கிடையாது. ஒரு நாலு சக்கர வண்டியை இரண்டாம் கையாக வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிற சேரி இளைஞனுக்கும், பழைய லேப்டாப் வாங்கிப் படித்து முடித்த கல்லூரி மாணவிக்கும் இந்தச் சந்தை உதவியிருக்கிறது. சும்மா மறுக்கக் கூடாது. தருமத்தைவிட விலை எவ்வளவோ மேல் என்பது வாசலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஏமாற்றும் இங்கே உண்டு. ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், வண்டியை அவசரமாக விற்கிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணு என்று சொல்லி நம்ம கணக்கிலிருந்தே உருவுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் வாங்குவதற்கு எந்தக் கட்டத்தையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, ரகசிய எண்ணைப் போடத் தேவையில்லை என்பதை நம்ம தெருப்பிள்ளைகள் வீடுவீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். காசு இல்லாதவன் இழக்கிற ஐயாயிரம், இருக்கிறவன் இழக்கிற ஐம்பதாயிரத்தைவிடப் பெரியது.

5

பொருள் வரைக்கும் சரி. உடம்பு பக்கத்தில் வருகிறபோது சந்தை தடுமாறுகிறது. பைக் வாங்க வருகிறவனின் சாதியை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். வாடகைக்கு வருகிறவன் மாடியில் இருப்பான், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பான். சமைக்க வருகிறவள் அடுப்படியில் நிற்பாள். கட்டிக்கொள்ள வருகிறவன் இரத்தத்தில் கலந்துவிடுவான். இந்த வரிசையில் கீழே போகப் போக விளம்பரத்தில் சாதி தடிமனாகிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு இந்த வரிசை ஒன்றே போதுமான பதில்.

வீட்டு விளம்பரத்தில் சாதி நேராக வராது. 'சைவர்களுக்கு மட்டும்' என்று வரும். வாடகைத் தளங்களில் 'அசைவம் அனுமதி உண்டா' என்று ஒரு கட்டமே போட்டுவைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டி ஃபோன் போட்டால் நடக்கிற உரையாடல் நம்மில் பலருக்கு மனப்பாடம்.

"வீடு காலியா இருக்குங்களா?"

"இருக்கு. எந்த ஊரு நீங்க?"

"விழுப்புரம் பக்கம்."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா, காலனியா?"

பேர் வைத்துச் சாதி கண்டுபிடிக்க முடியாதபடி தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டினோம். சுயமரியாதை இயக்கத்தின் சாதனை அது. ஆனால் வீட்டுக்காரர் அதற்கு மாற்று வழி வைத்திருக்கிறார். ஊர், தெரு, குலதெய்வம், அப்பா என்ன வேலை, ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பீர்கள். அய்ந்து கேள்வியில் ஆளைத் தோலுரித்துவிடுவார். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியது. வீட்டுக்காரரின் வாயிலிருந்து அதை எந்த அரசாணை நீக்கும்?

1917-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினொன்றாம் நாள் தடிகளோடு வந்து அவரை வெளியேற்றினார்கள். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். நூறு வருசம் கழித்தும் அந்தக் கதை முடியவில்லை என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் டெல்லி, ஃபரிதாபாத், காஜியாபாத், குர்கான், நொய்டா ஆகிய நகரங்களில் வாடகைக்கு வீடு கேட்டுப் பரிசோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சம்பளம் உள்ளவர்கள் ஃபோனிலும் நேரிலும் கேட்டார்கள். பெயரில்தான் வித்தியாசம். உயர்சாதிப் பெயருக்கு வீடு தடையில்லாமல் கிடைத்தது. தலித் பெயருக்கு மறுப்பு வந்தது, அல்லது நிபந்தனை வந்தது. முஸ்லிம் பெயருக்கு அதைவிட மோசம்.

இன்னொரு பக்கம், புறநகர் மனை விளம்பரங்களில் 'அக்ரஹாரம்' என்ற சொல் சொகுசுச் சரக்காக விற்கப்படுகிறது. ஒரே மொழியில் ஒரு தெருப்பெயர் விலையைக் கூட்டுகிறது, இன்னொரு தெருப்பெயர் கதவைச் சாத்துகிறது. இதைச் 'சந்தை' என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா?

6

வேலைக்கான விளம்பரத்திலும் இதே கதைதான். தோரட்டும் பால் அட்வெல்லும் 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரங்கள் பத்திரிகை வேலை விளம்பரங்களுக்கு மனுப் போட்டுப் பார்த்தார்கள். 548 விளம்பரங்கள், 4,808 மனுக்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இவை அரசு வேலைகள் இல்லை. இட ஒதுக்கீட்டால் தகுதி போச்சு என்று புலம்புகிற தனியார் கம்பெனிகளின் வேலைகள்.

சில விளம்பரங்கள் மறைக்கவும் இல்லை. 2019 நவம்பரில், ரயிலில் சாப்பாடு போடும் ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு நிறுவனம் மேலாளர் வேலைக்கு அகர்வால் வைசியர்கள் மட்டும் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தது. கண்டனம் எழுந்த பிறகுதான் பின்வாங்கியது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, சென்னையில் ஒரு பேக்கரி தன் பண்டங்களைச் சமணர்கள் செய்வதாகவும் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்றும் வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பியது. உரிமையாளர் கைதானார். 2017-இல் புனேயில் வானிலைத் துறையின் மூத்த விஞ்ஞானி ஒருவர், தன் வீட்டில் சமைத்த பெண் சாதியை மறைத்துவிட்டார் என்று போலீசில் புகார் கொடுத்தார். விஞ்ஞானியின் அடுப்படியிலும் மனுதான் சமையற்காரர்.

இதையெல்லாம் தலைகீழாக்கிய ஒரு விளம்பரத்தையும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் அகமதாபாத்தில் ஒரு தொண்டு நிறுவனம் துப்புரவுப் பணிக்கு ஆள் வேண்டும் என்று அறிவித்தது. பிராமணர், சத்திரியர், வைசியர், பட்டேல், சமணர், சையது, பட்டாணியர், சிரியன் கிறித்தவர், பார்சி முதலானவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டது. அவ்வளவுதான், உயர்சாதி அமைப்புகள் கொதித்தெழுந்தன. எங்களை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று ஆர்ப்பாட்டம். மலம் அள்ளும் வேலையில் நூறு சதவீதம் நாமே இருந்தபோது அவமானம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வரியில் முன்னுரிமையை மாற்றி எழுதியதும் அது அவமானம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து சாதியின் பொய்யை இவ்வளவு சிக்கனமாக வெளியே இழுத்துப்போட்ட பிரதி சமீபத்தில் வேறில்லை. கவிதை எழுதுகிற தோழர்கள் இதைப் படிக்க வேண்டும்.

வேலை விளம்பரத்தின் இன்னொரு முகம் உயிரோடு விளையாடுவது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று சமூக ஊடக விளம்பரங்களை நம்பிப் போன இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திச் சென்று இணைய மோசடி செய்ய அடித்து வேலை வாங்கினார்கள். 2022-இல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை விளம்பரம் போடுகிறவன் யார் என்று சரிபார்க்கும் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு அப்போதும் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

7

இப்போது நம்ம வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். பேப்பரில் சாதியை எழுதியவர் விளம்பரம் கொடுத்தவர். காசு கொடுத்தார், தன் கையால் எழுதினார், பொறுப்பும் அவருடையது. இணையத்தில் வரிக்குக் காசு இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அப்படியானால் சாதி கரைந்து போயிருக்க வேண்டுமே? நடந்தது வேறு. தளமே ஒரு படிவத்தை நீட்டுகிறது. மதம் என்ன? ஒரு கட்டம். சாதி என்ன? ஒரு கட்டம். உட்சாதி? ஒரு கட்டம். கோத்திரம்? ஒரு கட்டம். அழுத்தினால் பட்டியல் இறங்குகிறது. பேப்பரில் அவன் சொன்னான், இங்கே கம்பெனி கேட்கிறது. சாதிக்கு ஒரு தளம் என்று நூற்றுக்கணக்கில் தனித்தனிக் கடைகளும் திறந்தாகிவிட்டது. சாதி என்கிற பிரதியின் ஆசிரியர் குடும்பத்திலிருந்து நிறுவனமாக மாறிவிட்டார். ஆனால் பொறுப்பு என்று கேட்டால், "நாங்க வெறும் மேடைதாங்க" என்கிறார்கள்.

இந்தச் சண்டை அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. வீட்டு விளம்பரத்தில் இனம், மதம், பாலினம் முதலானவை பார்த்து ஒதுக்குவதை அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பேப்பர் அப்படி அச்சிட்டால் பேப்பரே குற்றவாளி. கிரெய்க்ஸ்லிஸ்டில் சிறுபான்மையினர் வேண்டாம் என்று விளம்பரங்கள் வந்தபோது சிகாகோவில் வழக்கறிஞர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. எழுதியது பயனர், தளம் பொறுப்பில்லை என்று 2008-இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு இன்னொரு நீதிமன்றம் ரூம்மேட்ஸ் என்ற தளத்தின் வழக்கில் வேறு மாதிரி சொன்னது. நீயே கேள்வி கேட்டு, நீயே பதில் பட்டியல் கொடுத்து, அதில் ஒன்றை அழுத்தாமல் உள்ளே விட மாட்டேன் என்றால், அந்த உள்ளடக்கத்தை உருவாக்கியதில் உனக்கும் பங்கு உண்டு என்றது. ஒரே வீட்டுக்குள் சேர்ந்து தங்குகிறவரைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2012-இல் அந்த நிறுவனம் தப்பித்துக்கொண்டது உண்மை. ஆனாலும் 2008-இல் சொன்ன அந்த வாதம் நமக்கு ஆயுதம். கட்டம் போட்டவன் வெறும் மேடை இல்லை.

ஃபேஸ்புக்கில் வீட்டு விளம்பரம் கொடுப்பவர் கறுப்பர்களுக்குத் தெரியாதபடி விளம்பரத்தை மறைக்க முடிகிறது என்று 2016-இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. வழக்குகள் வந்தன. 2019-இல் சமரசம், 2022-இல் அரசு வழக்கிலும் சமரசம். வீடு, வேலை, கடன் விளம்பரங்களுக்கு அந்த ஒதுக்கும் கருவிகளை நீக்க வேண்டியிருந்தது. முடியாது என்று சொல்லப்பட்டதெல்லாம் வழக்கு வந்தபோது முடிந்தது. பேப்பர் விளம்பரத்தில் 'தவிர' என்று எழுதினால் நாம் படித்துவிட்டுக் கோபப்படவாவது முடிந்தது. இங்கே விளம்பரமே நம்ம கண்ணுக்கு வராது. ஒதுக்கப்பட்டதே நமக்குத் தெரியாது.

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு இடத்தை வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. எத்தனை வீட்டுக்காரர்கள் அதில் தண்டனை பெற்றார்கள்?  2005-இல் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், சங்கம் தன் உறுப்பினர்களைத் தன் மதத்தாரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே உச்சநீதிமன்றம் 2011-இல் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில், அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் உள்ள 'கடைகள்' என்ற சொல்லை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. விளம்பரத் தளம் கடை இல்லாமல் வேறென்ன? இந்தக் கதவைத் தட்ட நம்ம வழக்கறிஞர்கள் முன்வர வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுதான் தளங்களின் கவசம். 2004-இல் ஒரு ஏல விளம்பரத் தளத்தில் ஆபாசக் காட்சி விற்பனைக்கு வந்ததற்காக அதன் தலைமை அதிகாரி கைதானார். அதற்குப் பிறகு 2008-இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தக் கவசம் கெட்டியானது. பெரிய இடத்து மனிதர் சிறைக்குப் போனால் சட்டம் திருந்துகிறது. ஆனாலும் அந்தக் கவசத்துக்கும் நிபந்தனை உண்டு. தகவலைப் பெறுபவரைத் தளம் தேர்ந்தெடுக்கக் கூடாது. யாருக்கு எந்த வீடு தெரிய வேண்டும், தெரியக் கூடாது என்று வடிகட்டிக் கொடுக்கிற தளம் எந்த முகத்தோடு இந்தக் கவசத்தைக் கேட்கும்?

8

நம்ம வீட்டுப் பக்கமும் திரும்ப வேண்டும். மண விளம்பரத்தில் நம்ம ஆட்களும் உட்பிரிவு போட்டுத்தான் தேடுகிறோம். பறையர் பறையரைத் தேடுகிறார், பள்ளர் பள்ளரைத் தேடுகிறார், அருந்ததியர் என்றால் இருவருமே பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். "நம்மள அவன் ஒதுக்கறான், நாம எங்க போயி நிக்கறது" என்று பெற்றவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. மகளை மேல்சாதிப் பையனோடு அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார அவர்களுக்குத் தெம்பு இல்லை. 2015-இல் கோகுல்ராஜ், 2016-இல் உடுமலை சங்கர். கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். ஆனால் தலித்துக்குள்ளேயே மூன்று கட்டம் போட்டுக்கொண்டு அடைப்புக்குறியைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. சாதியை ஒழிக்க அகமணத்தை உடைக்க வேண்டும் என்று அம்பேத்கர் 1936-லேயே சொல்லிவிட்டார். குறைந்தது தலித் உட்சாதிகளுக்கு இடையிலாவது நாம் தொடங்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை கண்முன்னே இருக்கின்றன. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் வந்தது. ஒப்பந்தம் எழுது, பதிவு செய் என்றெல்லாம் சொல்கிறது. சாதி, மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு சேர்க்கக் கேட்க வேண்டும். 2023-இல் சியாட்டில் நகரம் வேலையிலும் வீட்டிலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கடல் தாண்டி ஒரு நகரசபைக்கு முடிந்தது சமூகநீதி மாநிலத்துக்கு முடியாதா? வீடு, வேலைத் தளங்களில் உணவுக் கட்டமும் சாதியை மோப்பம் பிடிக்கிற கேள்விகளும் நீக்கப்பட வேண்டும். தோரட் செய்தது போன்ற பரிசோதனையைச் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் நம்ம மாணவர்கள் செய்யலாம். இரண்டு பெயர், ஒரு ஃபோன், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி போட்டு எழுதி வையுங்கள். மறுப்பை நிரூபிக்க நாளைக்கு அதுதான் சாட்சி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தளத்தின்மேல் பொறுப்பை ஏற்றினால் அது பயந்து எளியவர்களின் இடத்தையே மூடிவிடலாம். 2018 மார்ச்சில் அமெரிக்காவில் பாலியல் கடத்தலுக்கு எதிரான சட்டம் நிறைவேறியதும் கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் தனிநபர் விளம்பரப் பகுதியையே ஒரே நாளில் சாத்தியது. அதில் தங்களுக்குள் எச்சரித்துக்கொண்டு பாதுகாப்பாகப் பிழைத்த பெண்கள் தெருவுக்குத் தள்ளப்பட்டதாகப் பாலியல் தொழிலாளர் அமைப்புகள் குற்றம் சாட்டின. ஆகவே எதைத் தடுக்கக் கேட்கிறோம் என்பதில் நாம் துல்லியமாக இருக்க வேண்டும். வீட்டிலும் வேலையிலும் ஒதுக்குகிற கேள்வியைத் தடுக்கக் கேட்கிறோம். பழைய தையல் மிஷினை மூவாயிரத்துக்கு வாங்குகிற அந்த மூலையை விட்டுவிடச் சொல்கிறோம்.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார். 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பிறர் பக்கத்தில் நமக்கு இடம் இல்லாதபோது நாமே பக்கம் போட்ட மரபு அது. அவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சத்தமாகச் சொன்னார்கள். இன்றைக்கு ஒரு கம்பெனி கட்டம் போட்டு நம்ம பெயரைக் கேட்கிறது. நாமாகச் சொல்வதற்கும் அவன் கேட்டுச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த தலைமுறை இது. அடுத்த முறை வீட்டு விளம்பரம் பார்த்து ஃபோன் போடும்போது "எந்தத் தெரு?" என்று கேட்டால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்கள்.